ஜன்னலோரம் காய்ந்த கீழாநெல்லி

மும்பை செம்பூரில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது நூர் நிஷா போய்ப் பார்க்கவில்லை. பிரபாவதிதான் மாட்டுங்காவிலிருந்து ஃபோன் செய்து சொன்னாள்.

"நம்ம லேபை இடிச்சுண்டிருக்காண்டி. பஸ்ஸிலேர்ந்து பார்த்தேன். நாம நின்னு வேலை பார்த்த செவரு மட்டும் மிச்சம் இருக்கு, அந்த மஞ்சக் கறையோட."

"அது நீ கொட்டின மஞ்சள்" என்றாள் நிஷா.

"நான் கொட்டினேனா? பாட்டிலைத் தட்டிவிட்டது நீ!"

முப்பது வருடத்துக்கு முன் கொட்டிய ஒரு கரைசலுக்காக இரண்டு பேரும் ஃபோனில் சண்டை போட்டார்கள். ஃபோனை வைத்துவிட்டு நிஷா சமையலறைக்குத் திரும்பினாள். அவளுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கணவர் நஜிமுதீன் பெஸ்ட் நகர பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எட்டிப் பார்த்து, "யாரு, பிரபாவதியா?" என்று கேட்டார். அவர் கேட்காமலே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான். வேறு யாரோடும் நிஷா அந்தக் குரலில் சண்டை போடுவதில்லை.

தாராவியில் பிறந்தவள் நிஷா. மேலப்பாளையத்திலிருந்து வந்து தோல் பதனிடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த வாப்பாவுக்கு, பெண்பிள்ளை பத்தாவது முடித்ததே பெரிய காரியம். அதற்கு மேல் வேண்டாம் என்று அவர் சொன்னபோது, அவளைவிட ஏழு வயது மூத்த அண்ணன் மன்சூர் அலி குறுக்கே வந்தான். அப்போது அவன் ஒரு தோல் பை கார்கானாவில், அதாவது பட்டறையில், கத்தரிக்கிற வேலையில் இருந்தான். "அவ படிக்கட்டும் வாப்பா. காலேஜுக்குக் கொண்டுபோய் விடுததும் கூட்டிட்டு வாரதும் என் பொறுப்பு" என்றான். சொன்னபடியே முதல் வருடம் முழுக்க மாட்டுங்கா வரை கூடவே நடந்து வந்து, கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, திரும்பி ஓடிப் போய் வேலையில் நிற்பான். நிஷா பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தாள். 1986ஆம் வருடம் செம்பூரில் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது.

ஹரி என்கிற ஒருவர் நடத்திய சிறிய இடம். இரண்டாவது மாடியில் நான்கு அறைகள். மூலிகை மருந்து செய்கிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கும் சரக்கில் ஒரு பிடி எடுத்து அங்கே அனுப்புவார்கள். வந்த மஞ்சள் மஞ்சள்தானா, அதிமதுரத்தில் இனிப்புச் சத்து எவ்வளவு, மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஹரி சார் அவளை ஒரு மேசைக்கு அழைத்துப்போய், ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "இவங்க பிரபாவதி. ரெண்டு பேருக்கும் ஒரு மேசைதான்" என்றார். அந்த ஒரு மேசையில் இரண்டு பேரும் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது நிஷாவுக்கு முதலில் நினைவு வருவது வாசனை. காலையில் கதவைத் திறந்ததும் வசம்பும் கிராம்பும் ஸ்பிரிட்டும் கலந்து முகத்தில் அடிக்கும். சேலையில், முடியில், சாப்பாட்டு டப்பாவில்கூட அது ஏறிவிடும். ரயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைச் சுளித்து, "க்யா லகாயா ஹை?" என்று, என்ன பூசியிருக்கிறாய் என்று, கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பதில் சொல்வது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

பிறகு அந்தக் கண்ணாடித் தகடுகள். வெள்ளை மாவு போன்ற சிலிகாவைத் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி, காயவைத்து, அவர்களே செய்துகொள்வார்கள். மூலிகையை ஊறவைத்து எடுத்த சாற்றை ஊசி முனை அளவுக்குத் தகட்டின் அடியில் தொட்டு வைத்து, கொஞ்சம் கரைப்பான் ஊற்றிய ஜாடிக்குள் நிற்கவைக்க வேண்டும். கரைப்பான் மெல்ல மேலே ஏறும்போது சாற்றிலிருக்கும் ஒவ்வொரு பொருளும் அததன் உயரத்தில் தங்கிவிடும். மஞ்சளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மஞ்சள் பொட்டு. பெரியது குர்குமின், மற்ற இரண்டும் அதன் தம்பிகள். சாயம் கலந்த மஞ்சளென்றால் நாலாவதாக ஒரு பொட்டு திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கும். ஆடாதோடைத் தகட்டில் ஒரு மருந்தைத் தெளித்தால் ஒன்றுமில்லாததுபோலிருந்த இடத்தில் சட்டென்று ஆரஞ்சு நிறம் கிளம்பும். அதுதான் வாசிசின். இங்கிலீஷ் மருந்துக் கடையில் விற்கும் சளி மருந்துகள் சிலவற்றுக்கு அந்தப் பொருள்தான் மூதாதை என்று ஹரி சார் சொன்ன அன்று, நிஷா வீட்டுக்குப் போய் உம்மாவிடம் அதை மூன்று முறை சொன்னாள்.

ஜாடியில் கரைப்பான் ஏறி முடிக்க முக்கால் மணி நேரமாகும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவர்கள் பேச்செல்லாம். நிஷாவின் கல்யாணம், பிரபாவதியின் மாமியார், பிள்ளைகளின் அம்மை, நஜிமுதீன் டிக்கெட் கிழித்துக்கொடுத்த சினிமாக்காரர்கள், எல்லாமே ஜாடி முன்னால் நின்று பேசியவை. பின்னாளில் பெரிய மெஷின்கள் வந்தன. சாற்றை ஊசியில் ஏற்றி மெஷினுக்குக் கொடுத்தால், அளவை அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடும். வேலை சுலபமாயிற்று. ஆனால் பேச நேரமில்லாமல் போய்விட்டது என்பது நிஷாவின் குறை.

மன்சூர் அலி விஷயம் நடந்தது 2011இல்.

தொண்ணூற்றெட்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து, மூன்று வாரம் கிடந்து எழுந்தான். அப்போது யாரோ அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியில்தான் பிழைத்தேன் என்று உறுதியாக நம்பினான். எழுந்தவன் தோல் வேலையை விட்டான். மழைக்காலத்தில் தாணேக்கு அப்பாலிருக்கும் மலையடிவாரத்துப் பெண்கள் பறித்துக் கட்டும் கீழாநெல்லியைச் சாக்கில் வாங்கி வந்து, கழுவி, தாராவி வீட்டின் மாளாவில், அதாவது மேல்தளத்தில், ஜன்னலோரமாகப் பரப்பி நிழலில் காயவைத்துப் பொடி செய்தான். மனைவி ஹாஃபிஸா அந்த ஜன்னலடியிலேயே உட்கார்ந்து சலித்துப் பொட்டலம் போடுவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்வாள்.

காமாலை நிறையப் பேருக்குத் தானாகவே இறங்கிவிடும் என்று நிஷா அண்ணனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கல்லீரலுக்கு நல்லது என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மனிதர்கள் விஷயத்தில் இன்னும் தீர்மானமாகச் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இதை மட்டும் நம்பக் கூடாது என்றும் சொன்னாள். "சரிட்டி, பொட்டலத்துல அப்படியே எழுதிருதேன்" என்றான். எழுதவும் செய்தான்.

2011 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரிலிருந்த நிஷாவின் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம்.

"மாட்டுங்கா கடைக்காரரு என் பொடிய வைக்கேங்காரு. டெஸ்ட் பண்ணின காயிதம் ஒண்ணு வேணுமாம். ஒங்க லேபுல போட்டுத் தாயேன்."

"கொடுங்க காக்கா. முறைப்படி பதிஞ்சு போட்டுத் தாரேன்."

"பெயிலாகாதுல்லா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "நெழல்ல காயவச்சது. பச்ச நிறம் அப்படியே நிக்கும் பாரு."

பச்சை நிறம் அப்படியேதான் நின்றது. மறுநாள் நிஷா தகட்டில் ஏற்றி அமிலம் தெளித்துச் சூடாக்கியபோது ஃபில்லாந்தினின் பொட்டு கருகருவென்று எழுந்தது. கீழாநெல்லியின் கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. மெஷினில் போட்டு அளந்தாள். அந்த வருடம் பெரிய கம்பெனிகள் அனுப்பிய எந்தச் சரக்கிலும் அவ்வளவு ஃபில்லாந்தின் இல்லை. "பிரபா, இங்க வா. எங்க காக்கா சரக்கைப் பாரு" என்று கூப்பிட்டுக் காட்டினாள். அவ்வளவு பெருமை.

அடுத்தது உலோகச் சோதனை. பொடியை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைத் தீச்சுடருக்குள் உறிஞ்சவிட்டால், அதில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று மெஷின் காட்டும். மூலிகையில் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் வரை அனுமதி. மெஷின் நாற்பத்து மூன்று என்று காட்டியது.

நிஷா சுடரை அணைத்தாள். மறுபடி ஏற்றினாள். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி, புதிதாகக் கரைத்து, மூன்றாம் முறை பார்த்தாள். நாற்பத்து நாலு. அவளுக்குத் தன் கையின்மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு குப்பியில் வெறும் எண் மட்டும் எழுதி ஒட்டி, பிரபாவதியிடம் கொடுத்து, "ஈயம் மட்டும் பார்த்துச் சொல்லு" என்றாள். எதுவென்று சொல்லவில்லை.

மத்தியானம் பிரபாவதி காகிதத்தோடு வந்தாள். "நாப்பத்தொண்ணு. யாருடி இது, இப்படியா விப்பான்?" என்றவள், நிஷாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "மன்சூர் அண்ணாவோடதா?" என்றாள்.

நிஷா தலையை ஆட்டினாள். அன்று இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஹரி சாரிடம் சொன்னபோது அவர் ஒன்று மட்டும் சொன்னார். "சொந்தக்காரங்க சரக்கு. ரிப்போர்ட்டுல நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். பிரபாவதி போடட்டும்." நிஷா ஒப்புக்கொண்டாள். ஆனால் காகிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

தாராவி வீட்டில் மன்சூர் அலி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இங்கிலீஷ் அவனுக்கு வராது. ஆனாலும் சிவப்பு மையில் அடித்த முத்திரை புரிந்தது.

"என்னட்டி இது?"

"ஈயம் இருக்கு காக்கா. நிறைய இருக்கு. இத யாருக்கும் குடுக்கக் கூடாது."

"ஈயமா? நான் என்ன, பாத்திரத்துக்கு ஈயம் பூசுதவனா? செடிட்டி அது! கழுவி, நெழல்ல காயவச்சு..."

"செடி நல்ல செடிதான். இந்த வருசம் வந்ததுலயே ஒங்க சரக்குதான் ஒசத்தி. எங்கேயோ ஈயம் சேர்ந்திருக்கு. எங்கேன்னு தெரியல."

"தெரியாமலே பெயிலு போட்டுட்டியோ?" காகிதத்தை அவள் முன்னால் ஆட்டினான். "மழையிலயும் வெயிலுலயும் ஒன்னைய காலேஜுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேனே, இதுக்குத்தானா?"

அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்த ஹாஃபிஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் குனிந்தாள். புதிதில்லை. ஒன்றரை வருடமாக அவளுக்கு வயிற்றுவலி. டாக்டர்கள் கேஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. சில நாள் கை மரத்துப்போகிறது என்பாள். இத்தனையும் நிஷாவுக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தக் காகிதம் அண்ணன் கையில் இருக்க, அவன் மனைவி, நிஷாவின் மச்சி, அப்படிக் குனிந்ததைப் பார்த்தபோதுதான் அந்த ஈயமும் இந்த வலியும் அவள் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"மச்சி, நாளைக்கி என்கூட ஆஸ்பத்திரிக்கி வாங்க. ஒரு ரத்தம் எடுக்கணும்."

"அவ எங்கயும் வரமாட்டா" என்றான் மன்சூர் அலி.

"நான் வாரேன்" என்றாள் ஹாஃபிஸா. கணவன் பேச்சைத் தாண்டி அவள் சொன்னதை நிஷா கேட்டது அதுதான் முதல் தடவை.

ரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடியதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

நிஷா நான்கு நாள் லீவு போட்டாள். எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராதுபோலிருந்தது. முதலில் மண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பிரபாவதியைக் கூட்டிக்கொண்டு தாணேக்கு ரயில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் போய், அந்தப் பெண்கள் பறிக்கும் சரிவிலேயே மழையில் நனைந்துகொண்டு கீழாநெல்லி பிடுங்கினார்கள். இலைக்காம்பின் அடியில் வரிசையாகத் தொங்கும் சின்னக் காய்களைப் பார்த்து, "இருபத்தஞ்சு வருஷமா பொடியாவே பார்த்துண்டிருக்கோம். உயிரோட இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் பிரபாவதி. சேறு ஒட்டிய சேலையோடு சாலையோரத்தில் வேகவைத்த மக்காச்சோளம் தின்றார்கள். அவ்வளவு கவலையான வாரத்திலும் அந்தப் பகல் மட்டும் சந்தோஷமாக இருந்தது என்று நிஷா இப்போதும் சொல்கிறாள். அந்த வாரத்தை நினைத்தால் அந்த மழைச் சரிவுதான் முன்னால் வந்து நிற்கிறதாம்.

அந்தச் செடிகளை நிஷாவின் செம்பூர் வீட்டில் காயவைத்து லேபில் சோதித்தார்கள். ஈயம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. செடியிலும் மண்ணிலும் குற்றமில்லை. அடுத்து அரைக்கும் மெஷின். அதிலும் இல்லை. அண்ணன் வீட்டில் காய்ந்துகொண்டிருந்த சரக்கில் ஒரு பிடி எடுத்து, பாதியை அப்படியேயும் பாதியைத் தண்ணீரில் அலசியும் பார்த்தார்கள். அலசியதில் ஈயம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அப்படியென்றால் ஈயம் செடிக்கு உள்ளே இல்லை, மேலே வந்து விழுந்திருக்கிறது.

நிஷா மாளாவுக்கு ஏறினாள். மன்சூர் அலி கீழேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஈரப்படுத்திய வெள்ளை வடிதாளால் ஜன்னல் கட்டையை ஒரு முறை துடைத்தாள். தாள் சாம்பல் நிறமாயிற்று. ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தகரப் புகைக்குழாய் நின்றது. குழாய்க்குக் கீழே, இரண்டு வருடத்துக்கு முன் வந்த கார்கானாவில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிக்கொண்டிருந்தார்கள். பேட்டரிக்குள் இருப்பது ஈயம்தான். நிழலில் காய்ந்தால்தான் சத்துப் போகாது என்று அண்ணன் பார்த்துப் பார்த்துத் திறந்துவைத்த ஜன்னல் வழியாகவே அந்தப் புகை உள்ளே வந்து, கீழாநெல்லியின்மேலும், அதன் அருகில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஹாஃபிஸாவின்மேலும் படிந்திருக்கிறது.

கீழே வந்து தாளை அண்ணனிடம் நீட்டினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் தாளை வாங்கிப் பார்த்தான்.

"நான் தொறந்து வச்ச ஜன்னல்" என்றான்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் காக்கா?"

"எத்தன பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க தெரியுமா?" என்று எழுந்து சட்டையை மாட்டினான்.

அன்று மாலையும், அடுத்த மூன்று நாளும் மன்சூர் அலி வீடு வீடாகப் போனான். நிஷாவும் கூடப் போனாள். "நான் தந்த பொடி இருந்தா தாங்க, அதுல ஈயம் கலந்துட்டு, தின்னாதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் அவனே சொன்னான். தங்கையைச் சொல்லவிடவில்லை. சிலர் பதறினார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். மாரிசெல்வி என்கிற பெண், தன் பிள்ளைக்கு ஒரு வாரம் கொடுத்ததாகச் சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளையையும் இன்னும் ஒன்பது பேரையும் நிஷா ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். பொடி தின்றவர்களைவிட, அந்தக் கார்கானாவை ஒட்டி வசித்த இரண்டு வீட்டுக்காரர்களுக்குத்தான் ஈயம் கூடுதலாக இருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். அலைந்து, கத்தி, மறுபடி அலைந்து, எட்டு மாதத்தில் கார்கானா அங்கிருந்து போனது. மாரிசெல்வியின் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹாஃபிஸா தேற ஒரு வருடம் பிடித்தது. வயிற்றுவலி முதலில் நின்றது. வெளிறிய முகத்தில் மெல்ல நிறம் வந்தது. இடது கை மட்டும் இன்றைக்கும் குளிர் நாளில் கொஞ்சம் மரத்துப்போகிறது.

அந்த ஒரு வருடமும் மன்சூர் அலி தங்கையோடு அளவாகத்தான் பேசினான். கோபம் போய்விட்டது. வெட்கம் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் மான்குர்த்தில் காற்றோட்டமான ஒரு தனி அறை பிடித்துக் காயவைத்தான். சுற்றிலும் என்ன கார்கானா இருக்கிறது என்று மூன்று தெரு நடந்து பார்த்துவிட்டுத்தான் பிடித்தான். புதுப் பொடியை அவனே லேபில் கொண்டுவந்து பதிந்தான்.

நான்காம் நாள் ரிப்போர்ட் வாங்க வந்தபோது வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். தங்கை இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் இடத்துக்குள் அவன் நுழைவது அதுதான் முதல் தடவை. அலமாரி நிறைய இருந்த குப்பிகளையும் மெஷின்களையும் பார்த்துக்கொண்டு கைகளைக் கட்டியபடி நின்றான்.

"வாங்கோண்ணா" என்று பிரபாவதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஈயம் ஒண்ணே கால். பத்து வரைக்கும் இருக்கலாம். பாஸ்!"

அவன் காகிதத்தை வாங்கவில்லை. "அன்னைக்கி ஒசத்தின்னு சொன்னியே, அத எனக்குக் காட்டேன்" என்றான் நிஷாவிடம்.

நிஷா உலர்ந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைப் பரப்பில் வரிசையாகச் சில நிறங்கள். நடுவில் ஒன்றை விரலால் காட்டினாள்.

"இதுதான் காக்கா. ஒங்க கீழாநெல்லியோட கசப்பு."

மன்சூர் அலி மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். கடுகளவுப் பொட்டு.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"இதப் பாக்கவா இத்தன வருசம் வந்துட்டுப் போற?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பிரபாவதி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அடுத்த ஜாடியில் கரைப்பான் மேலே ஏறி முடிக்கும்வரை முக்கால் மணி நேரமும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.